லுகத்தும் கிளைமொழியும்: மதுரைச் சௌராஷ்டிரத்தை முன்வைத்து ஒரு விமர்சனம்

அரபு இலக்கணம் ஓதும் மாணவன் தொடக்க ஆண்டுகளிலேயே 'மா' என்னும் எதிர்மறைச் சொல்லைச் சந்திக்கிறான். 'ஸைது நிற்பவன் அல்லன்' என்ற பொருளில் ஹிஜாஸ் பகுதியினர் 'மா ஸைதுன் காயிமன்' என்பர். தமீம் குலத்தார் 'மா ஸைதுன் காயிமுன்' என்பர். ஹிதாயத்துன் நஹ்வும் காஃபியாவும் இவ்வேறுபாட்டைச் சில வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆயினும் இச்சிறு செய்திக்குள் ஒரு பெரிய அறிவு நேர்மை பொதிந்திருக்கிறது. திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயம் 31ஆம் வசனம் ஹிஜாஸ் வழக்கையே ஆள்கிறது. அதனை நன்கறிந்த ஸீபவைஹி, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய தமது 'அல்-கிதாப்' நூலில், தமீமியர் வழக்கே ஒப்புமை விதிக்கு (கியாஸ்) இசைந்தது என்று தயக்கமின்றிப் பதிவு செய்தார். இறைவேதம் ஏற்ற வழக்கு ஹிஜாஸுடையது. இலக்கண ஒழுங்குக்கு நெருங்கியது தமீமுடையது. இரண்டையும் அவர் ஒரே சொல்லால் குறித்தார்: லுகத்.

இந்த 'லுகத்' என்னும் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பண்டைய அரபு இலக்கண அறிஞர்களிடம் அது மொழியையும் குறித்தது, ஒரு குலத்தாரின் பேச்சு வழக்கையும் குறித்தது. 'லஹ்ஜா' என்னும் சொல்லை வட்டார வழக்குக்கென ஒதுக்கி, 'லுகத்'தை அதற்கு மேலே வைத்தது பிற்காலத்தார் வழக்கம். முன்னோர் எல்லா வழக்குகளையும் சமமாகப் பாராட்டினர் என்று சொல்ல இயலாது. கஷ்கஷா, அன்அனா என்று சில குலங்களின் உச்சரிப்புகளைப் பெயரிட்டுக் குறை கூறவும் செய்தனர். ஆனால் குறை கூறுவதற்கு முன் காதால் கேட்டனர், எழுதினர், சொன்னவர் இன்ன குலத்தார் என்று குறித்தனர். மதிப்பீடு பின்னர் வந்தது.

தமிழில் நாம் 'மொழி' என்றும் 'கிளைமொழி' என்றும் பிரித்துப் பேசுகிறோம். கிளை என்றாலே அடிமரம் ஒன்று உண்டென்று ஆகிவிடுகிறது. எது மரம், எது கிளை என்பதை வரைபவர் யார், எந்த அளவுகோலால் வரைகிறார் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. மதுரையில் நம் அண்டை வீட்டில் வாழும் ஒரு மொழி இந்த அளவுகோலால் எப்படி அளக்கப்பட்டது, நெடுந்தொலைவில் இந்துகுஷ் மலையில் வாழும் சில மொழிகள் எப்படி அளக்கப்பட்டன, நம் சமூகத்தார் தமது அரபுத்தமிழை எப்படி அளந்துகொள்கின்றனர் என்பவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காஜிமார் தெருவிலிருந்து திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்தே சென்றுவிடலாம். மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் செவியைச் சற்றுத் தீட்டிக்கொண்டு நடப்பவருக்குத் தமிழல்லாத ஒரு பேச்சு கேட்கும். சௌராஷ்டிரம் என்பது அதன் பெயர். நெசவையும் சாயத்தையும் தொழிலாகக் கொண்டு மதுரை, பரமக்குடி, திண்டுக்கல், சேலம், கும்பகோணம், தஞ்சாவூர் முதலிய ஊர்களில் வேரூன்றிய சமூகத்தின் தாய்மொழி இது. மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இச்சமூகத்தின் கைத்திறன் செய்தித்தாள்களில் பேசப்பட்டது; மொழி பேசப்படவில்லை. தியாகராசரின் மாணவர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர், மதுரையில் பிறந்த பின்னணிப் பாடகர் டி.எம். சௌந்தரராஜன், கும்பகோணத்து நாவலாசிரியர் எம்.வி. வெங்கட்ராம் ஆகியோரின் வீட்டுமொழி இதுவே. வெங்கட்ராமின் 'வேள்வித்தீ' இச்சமூகத்து நெசவாளர் வாழ்வைச் சொல்கிறது; சொல்வது தமிழில்.

ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் இம்மொழிக்குக் கிடைத்த பெயர் 'பட்டுநூலி'. பட்டுநூல்காரர் பேசுவது பட்டுநூலி. பேசுபவரின் தொழிலே பேச்சுக்குப் பெயராகிவிட்டது. கிரியர்சனின் இந்திய மொழி அளவீட்டில் ஒன்பதாம் தொகுதியின் இரண்டாம் பகுதி (1908) இதனைக் குஜராத்தியின் கீழ்க் கிளைமொழியாக வைத்தது. ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய அளவீடு சென்னை மாகாணத்தில் நடைபெறவே இல்லை. அளவீடு எட்டாத நிலப்பகுதியில் வாழ்ந்த மொழிக்கு அளவீட்டின் மரத்தில் ஒரு கிளை ஒதுக்கப்பட்டது. கிரியர்சனின் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. அத்தனை மொழிகளின் மாதிரிகளை ஒரு மனிதரின் மேற்பார்வையில் திரட்டியது வியப்புக்குரிய செயல். இருப்பினும், தொலைவிலிருந்து தரும் முகவரி வீட்டின் உள்ளமைப்பைச் சொல்லாது.

உள்ளமைப்பு என்ன சொல்கிறது? உருது அறிந்த நம் வாசகர் இப்பேச்சைக் கேட்டால் 'பானி' என்ற தண்ணீரும் வீட்டைக் குறிக்கும் 'கெர்' என்ற சொல்லும் உடனே பிடிபடும். எண்ணுப்பெயர்களும் பெரும்பாலும் பழகியவையாகவே தோன்றும். ஐந்தாவது வாக்கியத்தில் அவர் வழி தவறிவிடுவார். தெலுங்கிலிருந்தும் கன்னடத்திலிருந்தும் தமிழிலிருந்தும் வந்து சேர்ந்த சொற்கள் ஒருபுறம் இருக்க, ஒலியமைப்பே வேறாகிவிட்டது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தமிழில் போலக் குறில் நெடிலாகப் பிரிந்து நிற்கின்றன. உருதுவிலோ குஜராத்தியிலோ இப்பிரிவு எழுத்தில் இடம்பெறுவதில்லை. சௌராஷ்டிர எழுத்துமுறை இவற்றுக்குத் தனித்தனி எழுத்துகளை வைத்திருக்கிறது. அதனினும் நுட்பமானது 'ஹாரு' என்னும் குறி. ம, ந, ல, ர போன்ற ஒலிகளை மூச்சோடு கலந்து ஒலிக்கும் வழக்கம் இம்மொழியில் உண்டு. அவ்வொலிகளைக் காட்டுவதற்கென்றே அமைந்த அடையாளம் அது. தன் வாயிலுள்ள ஒலியைக் கூர்ந்து கேட்ட ஒருவரால்தான் இப்படி ஒரு குறியை அமைக்க முடியும். 'குஜராத்தியின் கிளை' என்று ஒரு வரியில் முடித்தவருக்கு இந்தக் குறி தேவைப்பட்டிருக்காது.

இம்மொழியைத் தனிமொழியாக எடுத்து ஆராய்ந்தவர்கள் பிற்காலத்தில் தோன்றினர். 1940களில் எச்.என். ராண்டில் எழுதிய கட்டுரையின் தலைப்பே இதனைத் தென்னிந்தியாவின் ஓர் இந்தோ-ஆரிய மொழி என்று அறிவித்தது. ஜப்பானிய அறிஞர் நோரிஹிகோ உச்சிடா திருப்பதியில் வாழும் சௌராஷ்டிரர் பேச்சைத் தனியாக ஆராய்ந்து நூலாக்கினார். 1990இல் சௌராஷ்டிர-ஆங்கில அகராதியையும் வெளியிட்டார். திருப்பதிப் பேச்சுக்குத் தனி நூல் தேவைப்பட்டது ஏனெனில், இம்மொழிக்குள்ளேயே ஊருக்கு ஊர் வழக்கு வேறுபடுகிறது. வடபகுதி வழக்கு, தென்பகுதி வழக்கு என்று மொழியியலார் பிரிப்பர். கிளை என்று தள்ளப்பட்ட மொழிக்கே கிளைகள் இருக்கின்றன.

இவர்களின் வரலாறு பற்றி இரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, கஜ்னி மஹ்மூதின் சோமநாதபுரப் படையெடுப்பே (1025) இவர்களைத் தெற்கே துரத்தியது என்று பல நூல்கள் எழுதிச் செல்கின்றன. இதனை மறுப்பதற்கு முஸ்லிம்கள் உணர்ச்சிவசப்பட வேண்டியதில்லை. சான்று எங்கே என்று கேட்டாலே போதுமானது. பட்டு நெசவாளரின் இடப்பெயர்வைப் பேசும் மிகப் பழைய ஆவணமாகச் சௌராஷ்டிர வரலாற்றாசிரியர்களே எடுத்துக்காட்டுவது மந்தசோர் (தசபுரம்) கல்வெட்டு. கி.பி. 473க்குரிய அக்கல்வெட்டு, லாட நாட்டு நெசவாளர் தசபுரத்து மன்னர்களின் சிறப்பினால் ஈர்க்கப்பட்டுச் சென்றதாகக் கூறுகிறது. படையெடுப்பும் இல்லை, அச்சமும் இல்லை. இஸ்லாத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்ட காலம் அது. பட்டு நெய்பவர் பட்டு உடுப்பவரைத் தேடிச் செல்வது இயல்பு. இரண்டாவது, அந்த மந்தசோர் நெசவாளரே மதுரைக்கு வந்தவர்களின் முன்னோர் என்பதும் ஊகமே. இடையிலுள்ள ஆயிரம் ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியான ஆவணம் இல்லை. மொழியில் படிந்துள்ள தெலுங்குச் சொற்கள் மட்டுமே தெலுங்கு பேசும் நாட்டில் நெடுங்காலம் தங்கியிருந்ததற்குச் சாட்சி சொல்கின்றன. அச்சாட்சியைப் பதிவு செய்வதே எந்தக் கதையையும் விடப் பயனுள்ளது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் சௌராஷ்டிரத்தைக் குஜராத்தி மொழியின் கீழ் அடங்கும் ஒரு தாய்மொழியாகவே பட்டியலிடுகிறது. 2001இல் இந்திய அளவில் 1,85,420 பேர்; 2011இல் 2,47,702 பேர். பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு. அதே காலத்தில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 16 விழுக்காடே உயர்ந்தது. பிறப்பினால் மட்டும் இந்த வேறுபாடு நேர்ந்திருக்க முடியாது. 'உங்கள் தாய்மொழி எது' என்று கேட்டபோது முன்பு 'தமிழ்' என்றவர்களில் பலர் பின்பு வேறு விடை தந்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். கணக்கெடுப்பு கூறுவது நாவின் நிலையை அன்று, நாவைப் பற்றிய எண்ணத்தின் நிலையை. எண்ணிக்கை ஏறுகிறது, வீட்டில் இளையோரின் பேச்சு தமிழுக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

இச்சமூகத்து அறிஞர்களின் ஆற்றலில் பெரும்பகுதி எழுத்துப் போரில் செலவாயிற்று என்பது என் கருத்து. டி.எம். ராமராய் (1852–1913) பழைய எழுத்துமுறையைச் சீரமைத்துப் பாடநூல்களை அச்சிட்டார். தேவநாகரியே தக்கது என்று ஒரு சாரார் வாதிட்டனர். நடைமுறையில் வென்றது தமிழ் எழுத்து: க, ச, த, ப எழுத்துகளின் தலைமேல் 2, 3, 4 என்ற எண்களை இட்டு ஒலி வேறுபாட்டைக் காட்டும் முறை. 2008இல் ஒருங்குறியின் 5.1ஆம் பதிப்பில் சௌராஷ்டிர எழுத்துக்கு இடம் கிடைத்தது. எழுத்துக்குக் கணினியில் இடம் கிடைத்துவிட்டது. பள்ளிகளில் மொழிக்கு இடம் கிடைக்கவில்லை. மதுரையில் 1886இல் தொடங்கிய சௌராஷ்டிரப் பள்ளியிலும் அது பயிற்றுமொழியன்று. நடனகோபால நாயகி சுவாமிகளின் (1843–1914) சௌராஷ்டிரப் பாடல்கள் இன்று தமிழ் எழுத்தில் அச்சாகின்றன. அப்புத்தகத்தை ஒரு தமிழர் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்துவிடுவார். பொருள் ஒன்றும் விளங்காது. எழுத்து தமிழ், மொழி தமிழன்று. 1980இல் சங்கு ராம் வெளியிட்ட சௌராஷ்டிரத் திருக்குறளோ இதற்கு மறுதலை: பொருள் நம்முடையது, மொழி அவர்களுடையது. இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அரபுத்தமிழைப் பேசும்போது தேவைப்படும்.

இனி அதே கிரியர்சனின் எட்டாம் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 1919இல் வெளிவந்த அதன் இரண்டாம் பகுதி காஷ்மீரியோடு இந்துகுஷ் மலை மொழிகளையும் சேர்த்துத் 'தார்திக் அல்லது பிசாச மொழிகள்' என்று தலைப்பிட்டது. இம்மொழிகளில் ஒரு தொகுதியை அன்று 'காஃபிர் மொழிகள்' என்றனர். பேசியவர்கள் இஸ்லாத்தை ஏற்காதவர்களாயிருந்ததால் அண்டையிலிருந்த முஸ்லிம்கள் அந்நிலத்தைக் காஃபிரிஸ்தான் என்றனர். வடமொழி மரபு அறிந்த அறிஞரோ பிசாசர் என்ற பழம்பெயரை அவர்கள்மீது ஏற்றினார். அவர் வசைபாட எண்ணவில்லை. பிராகிருத இலக்கணிகள் பேசும் பைசாசி மொழியின் வழித்தோன்றல்கள் இவை என்று அவர் கருதினார். குணாட்டியரின் பிருகத்கதை அப்பைசாசியில் இயற்றப்பட்டது என்பது மரபு. நம் பெருங்கதைக்கு மூலம் அக்கதையே. ஆயினும் விளைவை நோக்குங்கள். ஒரு சாரார் காஃபிர் என்றனர், ஒரு சாரார் பிசாசர் என்றனர். அம்மலைவாசிகள் தம் பேச்சுக்கு வைத்திருந்த பெயரைக் கேட்பார் அரிதாயினர்.

1893இல் எல்லைக்கோடு வகுக்கப்பட்டபின், 1895–96 குளிர்காலத்தில் ஆப்கான் அமீர் அப்துர் ரஹ்மான் கானின் படைகள் அப்பள்ளத்தாக்குகளை வென்றன. மக்கள் இஸ்லாத்திற்கு மாறினர். நிலம் நூரிஸ்தான், ஒளியின் நாடு என்றாயிற்று. இந்நிகழ்ச்சி நம்மவர் எழுத்துகளில் பெருமிதத்தோடு மட்டுமே நினைவுகூரப்படுவதுண்டு. படையின் பின்னே வந்த மாற்றம் அது என்பதையும் சேர்த்தே எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் நீதி. நம் பொருளுக்கு வேண்டியது வேறொன்று: நிலத்தின் பெயர் மாறியது, மார்க்கம் மாறியது, மொழி மாறவில்லை. தப்பிச் சென்று சித்ராலில் குடியேறிய ஒரு பிரிவினரும் பின்னாளில் முஸ்லிம்களாயினர். அவர்கள் நாவிலும் அதே பழைய மொழியே நின்றது.

1924இல் ஆப்கானிஸ்தான் சென்ற நார்வே அறிஞர் கியோர்க் மார்கென்ஸ்டியெர்ன இம்மொழிகளைச் செவிவழி கேட்டு எழுதினார். அவரது அறிக்கை 1926இல் வெளிவந்தது. பின்னர் புத்ருஸ், ரிச்சர்ட் ஸ்டிராண்ட் போன்றோர் பணியால் இவை தார்திக் கூட்டத்தினின்று விலக்கப்பட்டு 'நூரிஸ்தானி' என்ற தனிப் பெயர் பெற்றன. இந்தோ-ஆரியம், ஈரானியம் என்ற இரண்டோடு மூன்றாவது கிளையாக இவற்றை வைக்கும் கருத்து இன்று வலுவாக நிற்கிறது. காரணம் ஒலியில் இருக்கிறது. பத்து என்னும் எண்ணுக்கு வடமொழியில் 'தச', பண்டை ஈரானிய அவெஸ்தாவிலும் 'தச' என்பதையொத்த வடிவம், பாரசீகத்தில் 'தஹ்'. காதி மொழியிலோ 'துத்ஸ்'. இரு கிளைகளும் எப்போதோ உரசொலியாக மாற்றிவிட்ட ஒரு பழைய 'த்ஸ்' ஒலி அந்தப் பள்ளத்தாக்கில் உயிரோடு இருக்கிறது. வேதத்தினும் அவெஸ்தாவினும் முற்பட்ட ஒரு நிலையின் எச்சத்தை எழுத்தறியாத மலைவாசிகள் நாவில் காத்து வந்தனர். பக்கத்துப் பள்ளத்தாக்கின் பிரசுன் மொழியில் அதே பத்து 'லெஸெ' ஆகிவிட்டது. முதல் எழுத்தே மாறிவிட்டது. ஒரு மலைமுகட்டைக் கடந்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது.

பேசுவோர் தம் மொழிகளுக்குத் தந்த பெயர்கள் காத-வரி, காம்-விரி, வாசி-வரி, கலஷ-அலா போன்றவை. 'வரி' என்றால் பேச்சு. (தமிழ் 'வரி'யோடு இதற்கு உறவு கற்பிக்க யாரும் புறப்படாதிருப்பாராக.) காத-வரியும் காம்-விரியும் ஒரே மொழியின் வழக்குகள் என்பர். கலஷ-அலா பேசுவோரும் சித்ராலின் கலஷரும் பெயரால் ஒன்றுபட்டிருந்தும் மொழிக் குடும்பத்தால் வேறு. இவ்வளவு பிரிவுகளையும் ஆப்கானிஸ்தானின் 2004ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு 'நூரிஸ்தானி' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கியது. 2021 ஆகஸ்டில் அவ்வரசு வீழ்ந்ததோடு அச்சட்டமும் செயலற்றுப்போனது. நடப்பிலிருந்தபோதும் அந்தச் சொல்லைக் கொண்டு ஒரு பாடநூல் எழுத முடியாது என்பதே சிக்கல்: எந்தப் பள்ளத்தாக்கின் நூரிஸ்தானியில் எழுதுவது? வெற்றி பெற்ற அமீர் நிலத்துக்கு வைத்த பெயர், ஒன்றுக்கொன்று விளங்காத பல மொழிகளை ஒரு மொழியாக்கிவிட்டது. பாபர் இவ்விஷயத்தில் மேலானவர். காபூல் நாட்டில் பதினொன்றோ பன்னிரண்டோ மொழிகள் பேசப்படுகின்றன என்று தம் நினைவேட்டில் எழுதி, பஷாயி, பராஜி, லம்கானி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். வாளோடு வந்தவர்தான், ஆனால் எண்ணினார்.

ஒன்றைப் பலவற்றின் கிளையாக்குவது ஒரு பிழை, பலவற்றை ஒன்றாக்குவது ஒரு பிழை. மூன்றாவது பிழை ஒன்றுண்டு: கிளையைப் பெயர்த்தெடுத்துத் தனிமரம் என்று நடுவது. அதனைச் செய்துகொண்டிருப்பவர்கள் நாம்.

தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட ஆங்கிலப் பெருநூல் ஸரந்தீபிலும் தமிழ்நாட்டிலும் அரபு, அர்வி, பாரசீகம், உருது ஆகியவற்றுக்கு ஆற்றப்பட்ட தொண்டினை விரித்துரைக்கிறது. அழியும் நிலையிலிருந்த ஏட்டுப்படிகளையும் கல்லச்சு நூல்களையும் ஆலிம்களின் வரலாற்றையும் அவர் திரட்டித் தந்திராவிட்டால் இத்துறையில் இன்று பேசுவதற்கே ஒன்றும் இருந்திராது. நன்றியோடு அதனைச் சொல்லிவிட்டு, அந்நூலின் அடிப்படைக் கொள்கையோடு முரண்படுகிறேன். அரபு, பாரசீகம், உருது என்னும் மொழிகளின் வரிசையில் அர்வியையும் ஒரு மொழியாக நிறுத்துகிறது அந்நூல். அதனைப் பின்பற்றி மேடைகளிலும் மலர்களிலும் 'நாம் இழந்த மொழி' என்று எழுதிவருகிறார்கள். இழந்தது உண்மை. இழந்தது மொழியன்று.

இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் ஃபிக்ஹு நூலை எடுத்துக்கொள்வோம். அரபெழுத்தில், தமிழொலிகளுக்கெனப் புள்ளிகள் கூட்டிய எழுத்துகளோடு எழுதப்பட்ட நூல். ஒரு தமிழர் கையில் கொடுத்தால் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினால் விளங்கும். அரபுக் கலைச்சொற்களில் சற்றுத் தடுமாறுவார். வினைமுற்றிலும் வேற்றுமை உருபிலும் தடுமாற மாட்டார். நாயகி சுவாமிகளின் பாடல் நூலுக்கு நேர் எதிர்நிலை இது. எழுத்து தமிழன்று, மொழி தமிழ். அரபுச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தர்ஜமா நடையில் வாக்கிய ஒழுங்கு பிறழ்வதைக் காட்டி இதனைத் தனி இலக்கணம் என்பாரும் உளர். அது மொழிபெயர்ப்பின் இயல்பு. நம் மத்ரஸாக்களில் பாடம் ஓதும் எந்த மாணவனும் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் அந்நடையில் சோறு கேட்பதில்லை.

அரபு ஓதியவர்களுக்கு வேறு சான்றே வேண்டியதில்லை. மூஸா இப்னு மைமூன் தமது 'தலாலத்துல் ஹாயிரீன்' நூலை அரபு மொழியில் ஹீப்ரு எழுத்துகளைக் கொண்டு எழுதினார். சிரிய கிறிஸ்தவர்கள் அரபைச் சுரியானி எழுத்தில் எழுதினர். அவற்றை அரபு அல்ல என்று எந்த அரபு ஆசிரியர் சொல்வார்? அந்தலூஸின் கடைசி முஸ்லிம்கள் அரபெழுத்தில் எழுதிய அல்ஜமியாதோ நூல்களும் ஸ்பானிய மொழி வரலாற்றிலேயே வைத்து ஆராயப்படுகின்றன. 'அர்வி' என்னும் பெயர்கூட, தெலுங்கர் தமிழுக்கு வழங்கும் 'அரவம்' என்ற சொல்லடியாகப் பிறந்தது என்பதே பொருத்தமான விளக்கம். அப்படியாயின் அப்பெயருக்குப் பொருளே தமிழ் என்பதுதான். 'அரபுத்தமிழ்' என்னும் தொடரிலும் பெயர்ச்சொல் தமிழ். அரபு அதற்கு அடைமொழி.

இங்கு ஒரு தடை எழும். உருதுவும் இந்தியும் ஒரே இலக்கணம் உடையவை. எழுத்தும் மார்க்கச் சார்பும் அவற்றை இரு மொழிகளாக்கவில்லையா? ஆக்கின. அவ்வாறு ஆவதற்கு நீதிமன்றங்களும் பள்ளிகளும் அச்சகங்களும் இரு தரப்பின் அரசியலும் ஒரு நூற்றாண்டு உழைத்தன. பேச்சில் ஒன்றாயிருந்தவர்கள் எழுத்தில் அயலாராயினர். அந்தப் பாதையில் தமிழ் முஸ்லிம் சமூகம் நடக்கவில்லை. வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572இல் மதுரையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் காலந்தொட்டு, அரபெழுத்தில் எழுதிய கையும் தமிழெழுத்தில் எழுதிய கையும் ஒரே சமூகத்தின் கைகளாகவே இருந்தன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக வகுத்த ம.மு. உவைஸ் அவர்களும் அரபுத்தமிழைத் தமிழ் இலக்கியத்தின் பகுதியாகவே கொண்டார். இலங்கையில் பிறந்த அவருக்கு இருந்த தெளிவு, தமிழ்நாட்டில் நமக்குக் குறைந்துவருவது ஏன் என்று விளங்கவில்லை.

தனிமொழிப் பட்டத்தைத் தேடி அலையும் இவ்வேளையில், உண்மையாகவே நம்மிடம் இருப்பது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. நம் சமூகத்தின் தமிழ் வழக்குகள் பல. கடற்கரையில் வாப்பா, மதுரையைச் சூழ்ந்த ராவுத்தர் ஊர்களில் அத்தா. கடற்கரையில் உம்மா என்றும் உள்நாட்டில் அம்மா என்றும் அழைப்பர். காயல்பட்டினத்தார் பேச்சையும் கீழக்கரையார் பேச்சையும் நாலு சொல்லில் பிரித்தறிவோர் நம்மிடையே இருக்கின்றனர். எந்த நாலு சொல் என்று எழுதி வைத்தவர் சிலரே. குழம்பை 'ஆணம்' என்கிறோம். கேட்பவர் அதனை அரபென்று நினைக்கிறார். அது பழந்தமிழ்ச் சொல். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், ஓதுதல் என்று வணக்கத்தின் பெயர்களையே தமிழில் ஆக்கிக்கொண்ட சமூகம் இது. காலை உணவைப் 'பசியாறுதல்' என்று சொல்லும் வீடுகளும் குறைந்துகொண்டே வருகின்றன. இவையெல்லாம் ஸீபவைஹியின் பொருளில் லுகத்துகள். தனிமொழியென்று நிறுவப்படாமலேயே பதிவு பெறத் தகுதியுடையவை.

துருக்கியர் குலங்களின் பேச்சு வேறுபாடுகளைக் குலம் குலமாகக் குறித்துப் பதினோராம் நூற்றாண்டில் அகராதி செய்தவர் மஹ்மூத் காஷ்கரி. அந்தலூஸில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அபூ ஹய்யான் அல்-கர்னாத்தி, தமக்குத் தாய்மொழியல்லாத துருக்கிக்கு அரபில் இலக்கணம் எழுதினார். அவர்கள் ஓதிய அதே நஹ்வைத்தான் நாமும் ஓதுகிறோம். மதுரை அரபுக் கல்லூரி மாணவனுக்கு அண்டைத் தெருவிலேயே ஒரு மொழி இருக்கிறது. அதன் மூச்சொலி கலந்த மகரத்தையும் லகரத்தையும் பிரித்துக் கேட்கும் பயிற்சியை ஹாவுக்கும் ஹேக்கும் வேறுபாடு அறிந்த அவன் காது தஜ்வீது வகுப்பிலேயே பெற்றுவிட்டது. ஆலிம் பட்டம் பெறும் ஆண்டில் மாணவர்களிடம் எழுதிப் பெறும் ஆய்வேடுகளில் ஒன்றை மகால் தெருச் சௌராஷ்டிரரின் உறவுமுறைச் சொற்களுக்கும், ஒன்றைத் தன் சொந்த ஊரில் அத்தா என்ற சொல் எந்தத் தெருவரை வழங்கி எங்கே வாப்பாவாக மாறுகிறது என்பதற்கும் ஒதுக்கலாம். ஒரு குறிப்பேடும் முதியவர்கள் நால்வரும் இருந்தால் இப்பணியை வரும் ரமளான் விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.